ஜாக்குலின் டு ப்ரே: எல்காருக்குப் பிறகு எதைக் கேட்கலாம்?

கேள்வி – பின்வரிசை ரசிகன்:

ஆங்கிலேய செல்லோ (முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கும் பெரிய வயலின் மாதிரியான வாத்தியம்) கலைஞர் ஜாக்குலின் டு ப்ரே வாசித்த, எல்கார் எழுதிய செல்லோ கான்செர்டோவை (ஆர்கெஸ்ட்ராவோடு ஒரு தனி வாத்தியம் முன்னின்று வாசிக்கும் படைப்பு) கொஞ்ச நாளாக விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 1965-ல் பார்பிரோலி நடத்த, லண்டன் சிம்பனி ஆர்கெஸ்ட்ராவோடு வாசித்த பதிவு. ஜாக்குலினைப் பற்றித் தேடினால் எங்கே பார்த்தாலும் நோய்க் கதைதான். 28 வயதில் வாசிப்பு நின்றது, 42-ல் இறந்தார் என்பதெல்லாம் படித்தாகிவிட்டது. யாரிடம் கற்றார், வாசிப்பில் அப்படி என்ன இருக்கிறது, அடுத்து எதைக் கேட்பது? செல்லோ வாசிப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

பதில் – நாலு தந்தி:

நான் செல்லோ வாசிக்கிறவள். நீங்கள் இப்படிக் கேட்டதே சந்தோஷமாக இருக்கிறது, ஏனென்றால் அவரை நோயாளியாகவே நினைவு வைத்திருப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

அந்தப் பதிவின் முதல் பகுதியில், செல்லோ படிப்படியாக ஏறி உச்ச சுரத்தைத் தொட்டதும் மொத்த ஆர்கெஸ்ட்ராவும் ராகத்தை வாங்கிக்கொள்ளுமே, அந்த இடத்தை மட்டும் தனியாகக் கேளுங்கள். மேலே போகப்போகத் தந்தியின் நீளம் குறையும், ஒலி மெலியும். பலர் அங்கே வில்லைக் கொஞ்சம் காப்பாற்றி வைத்துக்கொள்வார்கள். இவர் அப்படி எதையும் மிச்சம் வைப்பதில்லை. விரல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டு போவதும் காதில் விழும். கர்நாடக இசையில் ஜாரு கேட்டுப் பழகியவர்களுக்கு அது சட்டென்று பிடிபடும். மிகையாக இழுக்கிறார் என்று குறை சொன்னவர்களும் உண்டு. எனக்கு அது பாடுகிறவரின் மூச்சாகத்தான் கேட்கிறது.

ஜாக்குலின் 1945-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தவர். ஐந்து வயது நிறையும் முன்பே வானொலியில் செல்லோவைக் கேட்டுவிட்டு, அந்தச் சத்தம்தான் வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டாராம். அம்மா ஐரிஸ் பியானோ கலைஞர். மகளுக்காகச் சின்னச் சின்ன பாட்டுகள் எழுதி, பக்கத்தில் படமும் வரைந்து, ராத்திரி அவள் தூங்கும்போது தலைமாட்டில் வைத்துவிடுவார். விடிந்ததும் குழந்தை செல்லோவைத் தேடி ஓடாமல் என்ன செய்யும்!

பத்து வயதில் செல்லோ ஆசிரியர் வில்லியம் ப்ளீத்திடம் சேர்ந்தார். பிறகு கசல்ஸ், டோர்ட்டெலியே, மாஸ்கோவில் ரோஸ்ட்ரோபோவிச் என்று செல்லோ உலகின் பெரிய பெயர்களிடமெல்லாம் போனார். ஆனாலும் 'செல்லோ அப்பா' என்று அவர் அழைத்தது ப்ளீத்தைத்தான். 1961-ல், 16 வயதில், லண்டனின் விக்மோர் ஹால் இசையரங்கில் அரங்கேறினார்.

பார்பிரோலியும் செல்லோக்காரர்தான். 1919-ல் இந்தக் கான்செர்டோ முதன்முதலில் மேடையேறியபோது ஆர்கெஸ்ட்ராவில் உட்கார்ந்து வாசித்தவர். 11 வயது ஜாக்குலினுக்கு, இளம் செல்லோ கலைஞர்களுக்கான சுஜியா உதவித்தொகை கொடுத்த நடுவர் குழுவிலும் இருந்தார். அந்தப் பதிவில் அவர் ஆர்கெஸ்ட்ராவை எவ்வளவு பொறுமையாகக் காத்திருக்க வைக்கிறார் என்று கவனியுங்கள்.

பதில் – அறையிசை:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் ஜாக்குலினை முழுசாகத் தெரிந்துகொள்ள கான்செர்டோ போதாது என்பது என் கட்சி. 1970 எடின்பரோ விழாவில் கணவர், பியானோ கலைஞர் டேனியல் பாரன்பாய்மோடு வாசித்த பீத்தோவன் சொனாட்டாக்களை (இங்கே, செல்லோவும் பியானோவும் மட்டும் வாசிக்கும் படைப்புகள்) கேளுங்கள். நேரடிப் பதிவு, அங்கங்கே கரடுமுரடாக இருக்கும். இருக்கட்டும். பியானோ ஒரு வரியை முடிக்கும் முன்பே அவர் பதில் சொல்லத் தயாராகிவிடுவது கேட்கும். 1969-ல் வயலினில் பெர்ல்மன், வயோலாவில் சூகர்மன், டபுள் பாஸில் சுபின் மேத்தா எல்லாரும் இவர்கள் இருவரோடு சேர்ந்து ஷூபர்ட்டின் 'ட்ரவுட்' என்ற ஐவர் இசையை வாசித்த ஆவணப்படமும் இருக்கிறது. அதில் ஜாக்குலினின் சிரிப்பைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

பின்வரிசை ரசிகன்:

இருவருக்கும் நன்றி. வாசிப்பு நின்ற பிறகு இசையை விட்டே விலகிவிட்டாரா?

நாலு தந்தி:

இல்லை. 1973 அக்டோபரில் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்ற நரம்பு நோய் என்று உறுதியான பிறகும் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். கையில் வில் இல்லாமல், ஒரு வரியை எங்கே தொடங்கி எங்கே சாய்க்க வேண்டும் என்று பாடியும் பேசியுமே புரியவைத்தார். ப்ரோகோஃபியெவின் 'பீட்டரும் ஓநாயும்' பதிவில் கதை சொல்வதும் அவர் குரல்தான்.

அடுத்து என்ன என்றால் ஷோபன், ஃப்ராங்க் சொனாட்டாக்கள். 1971 டிசம்பர் பதிவு, பியானோவில் பாரன்பாய்ம். விரல்களில் மரமரப்பு அதற்கு முன்பே தொடங்கியிருந்தது, காரணம்தான் யாருக்கும் தெரியவில்லை. பல மாதம் செல்லோவைத் தொடாமல் இருந்து, திடீரென்று எடுத்து வாசித்தவை அவை. ஷோபன் சொனாட்டாவின் மூன்றாம் பகுதி, லார்கோ என்ற மெதுவான பகுதி, ரொம்பச் சின்னது. அதிலிருந்து ஆரம்பியுங்கள், ஹெட்ஃபோனில்.