தை பிறந்த பிறகும் சூரியன் ஏன் பிந்தி உதிக்கிறது?

கல்லிடை அப்பளக்காரி

கல்லிடைக்குறிச்சியில் வீட்டிலேயே அப்பளம் இட்டு விற்கிறோம். உளுந்து விலையைவிட வெயில் கணக்குதான் எனக்குப் பெரிய கவலை. காலை இளவெயிலில் முற்றத்தில் பாய் விரித்துப் பரப்பிவிட வேண்டும். உச்சி வெயில் ஏறினால் ஓரம் சுருண்டுவிடும், பிறகு கடைக்காரர் திரும்பியும் பார்க்கமாட்டார். ஆகவே சூரியன் எப்போது எட்டிப் பார்க்கிறது என்பதை எங்கள் தெருவில் என்னைவிட அக்கறையாகக் கவனிப்பவர் யாரும் இல்லை.

டிசம்பர் 21, 22 வாக்கில்தான் பகல் மிகக் குறைவு, அதன் பிறகு நீளும் என்று மகளின் பாடப்புத்தகம் சொல்கிறது. உத்தராயணம் தை முதல் தேதிதான், அன்றிலிருந்துதான் நீளும் என்கிறார் என் மாமியார். இருவரில் யார் ஜெயித்தாலும் தை மாதத்தில் எனக்கு வெயில் முன்னதாக வர வேண்டும் அல்லவா? வரவில்லை. டிசம்பர் 21-இல் காலை 6.30-க்கு உதித்த சூரியன் ஜனவரி கடைசியில் 6.41-க்கு உதிப்பதாகக் கைப்பேசி காட்டுகிறது. முற்றத்தில் நான் பார்ப்பதும் அதுதான்.

கேட்கும்போதே இதையும் கேட்டுவிடுகிறேன். மார்கழிப் பௌர்ணமி நிலா நடு இரவில் உச்சிக்கும் வடக்கே போய் நிற்கிறது. ஆனிப் பௌர்ணமியில் தெற்கே இறங்கிவிடுகிறது. சூரியன் செய்வதற்கு நேர் எதிராக நிலா ஏன் செய்கிறது?

அம்பை கணக்கு வாத்தியார்

தங்கச்சி, கைப்பேசியும் சரி, பாடப்புத்தகமும் சரி. பகல் நீள்வது வேறு, உதயம் முந்துவது வேறு. பள்ளிகளில் இரண்டையும் ஒன்றாக முடிச்சுப்போட்டுச் சொல்லிக்கொடுக்கிறோம். ஓய்வு பெறும்வரை இதற்காகச் சக ஆசிரியர்களுடன் சண்டை போட்டவன் நான்.

காலையை மட்டும் பார்த்திருக்கிறீர்கள், மாலையையும் பாருங்கள். டிசம்பர் 21-இல் அஸ்தமனம் 6.06. ஜனவரி 31-இல் 6.26. காலையில் 11 நிமிடம் போயிற்று, மாலையில் 20 நிமிடம் வந்தது. பகல் 9 நிமிடம் நீண்டுதான் இருக்கிறது. ஆனால் அந்தப் பகல் முழுவதுமே கடிகாரத்தில் பிந்தி நகர்ந்துவிட்டது.

ஏன் நகர்கிறது? பூமி தன்னைத்தானே ஒரு முழுச் சுற்றுச் சுற்ற 23 மணி 56 நிமிடம் 4 நொடி போதும். அதற்குள் அது சூரியனைச் சுற்றும் பாதையில் ஏறத்தாழ ஒரு பாகை முன்னேறிவிடுகிறது. ஆகவே சூரியன் மறுபடி நம் உச்சிக்கோட்டுக்கு வர இன்னும் சுமார் நான்கு நிமிடம் திரும்ப வேண்டும். இந்தக் கூடுதல் எல்லா நாளும் ஒரே அளவாக இருந்தால் தொல்லை இல்லை. இருப்பதில்லை.

பூமியின் பாதை நீள்வட்டம். ஜனவரி முதல் வாரத்தில் சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில் இருக்கிறோம். ஜூலையில் 15.2 கோடி. அருகில் இருக்கும்போது பூமி வேகமாக ஓடுகிறது, நாள்தோறும் சற்று அதிகம் திரும்பவும் வேண்டியிருக்கிறது. இதைவிடப் பெரிய காரணம் 23.4 பாகை அச்சுச் சாய்வு. டிசம்பரிலும் ஜூனிலும் நட்சத்திரங்களுக்கு இடையே சூரியன் வடக்கு தெற்காக நகர்வது கிட்டத்தட்ட நின்றுபோய், அதன் நகர்வு முழுவதும் கிழக்கு நோக்கியே விழுகிறது, அதை எட்டிப்பிடிக்கப் பூமி இன்னும் கொஞ்சம் திரும்ப வேண்டும். டிசம்பரில் இந்த இரண்டு காரணங்களும் ஒன்றுசேர்கின்றன. அதனால் அந்த நாள்களில் ஒரு நண்பகலிலிருந்து, அதாவது சூரியன் உச்சிக்கோட்டைத் தொடுவதிலிருந்து, அடுத்த நண்பகல் வரை 24 மணிக்கு மேல் சுமார் அரை நிமிடம் ஆகிறது. கடிகாரம் இதைக் கண்டுகொள்ளாது. நண்பகல் நாளுக்கு அரை நிமிடம் பிந்தும்போது உதயமும் அஸ்தமனமும் கூடவே இழுபடுகின்றன.

இது ஊருக்கு ஊர் மாறும். லண்டனில் குளிர்காலத்துப் பகல் மிகச் சிறியது, டிசம்பருக்குப் பிறகு மளமளவென்று நீள்கிறது. அதனால் அங்கே ஜனவரி தொடக்கத்திலேயே உதயம் முந்தத் தொடங்கிவிடும். நாம் நிலநடுக்கோட்டிலிருந்து 8.7 பாகையில் இருக்கிறோம். நம் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். பகல் இவ்வளவு மெதுவாக நீளும்போது நண்பகலின் இழுப்புதான் வெல்லும். நெல்லைச் சீமையில் மிகப் பிந்திய உதயம் ஜனவரி முடிவில்தான்.

என் பேச்சை நம்ப வேண்டாம். மொட்டை மாடியில் ஒரு தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு, நிழல் மிகக் குறுகும் நேரத்தைக் குறியுங்கள். நவம்பர் முதல் வாரத்தில் 12.04 ஆகும். பிப்ரவரி நடுவில் 12.34. இடையே அரை மணி! இரண்டின் சராசரியும் 12 மணியாக இல்லாதது வேறு கதை. நம் கடிகாரம் மிர்சாப்பூர் பக்கம் போகும் 82.5 பாகைத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது, நாம் அதற்கு ஐந்து பாகை மேற்கே இருக்கிறோம். பாகைக்கு நான்கு நிமிடம், ஆக இருபது.

நிலா எளிது. பௌர்ணமி என்றாலே நிலா சூரியனுக்கு எதிர்ப்புறத்தில் இருக்கிறது. மார்கழியில் சூரியன் தென்கோடியில் இருந்தால் நிலா வடகோடியில் இருக்கும். ஆனியில் இது அப்படியே தலைகீழ். போதாக்குறைக்கு நிலாவின் பாதையே பூமியின் பாதைக்கு ஐந்து பாகை சாய்ந்தது, அந்தச் சாய்வின் திசை 18.6 ஆண்டுகளில் ஒரு சுற்று வருகிறது. 2025-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிலா வடக்கே 28 பாகைக்கு மேலும் போகிறது. உங்கள் முற்றத்தில் அது உச்சிக்கு இருபது பாகை வடக்கே நிற்கும். 2034 வாக்கில் பத்துப் பாகைதான் தள்ளி நிற்கும்.

மார்கழி நடு இரவில் அண்ணாந்து பார்க்கும்போது திருவாதிரை நட்சத்திரத்தையும் பாருங்கள். சிவப்பாக, நம் தலைக்கு நேர் மேலே, ஒரு பாகை சொச்சம் மட்டும் தெற்கே தள்ளிக் கடக்கும். நடராசரின் தாமிர சபை இருக்கும் நெல்லைச் சீமைக்காரர்கள் அதைப் பார்க்காமல் தூங்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

பஞ்சாங்கத்து வீடு, திருச்செந்தூர்

அக்கா, உங்கள் மாமியாருக்காக இரண்டு வார்த்தை. சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22-இல்தான், அதில் மறுபேச்சு இல்லை. தை முதல் தேதி என்பது நட்சத்திரங்களை வைத்து அளக்கும் மகர ராசிக்குள் சூரியன் நுழையும் நாள். பூமியின் அச்சு சுமார் 26,000 ஆண்டுகளில் ஒரு வட்டம் போடுகிறது. 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் இரண்டு கணக்கும் விலகுகின்றன. இன்று இடைவெளி 24 பாகை, ஆகவே 24 நாள். சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளில் விழுந்தன. அன்றைய வானத்துக்கு மாமியார் சொல்வது மிகச் சரி. என் தாத்தாவிடம் இதைச் சொல்லித் திட்டு வாங்கியவன் என்பதால் மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

செங்கோட்டைக்காரன்

அண்ணாச்சி சொல்லும் மாலை 6.26 எல்லாம் கடற்கரைக்காரர்களுக்குத்தான். எங்களுக்கு மலைதான் மேற்கு. கைப்பேசி சொல்லும் நேரத்துக்கு முன்பே வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும். பொதிகையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கல்லிடைக்கும் அந்த 20 நிமிட லாபம் முழுசாகக் கிடைக்காது.

கல்லிடை அப்பளக்காரி

நன்றி அண்ணாச்சி. மாமியாரிடம் 1,700 ஆண்டுக் கணக்கைச் சொன்னேன். "அப்போது நான் சொன்னதுதானே சரி" என்று முடித்துக்கொண்டார். செங்கோட்டை அண்ணன் சொல்வதும் உண்மை. ஆனால் மாலை வெயிலால் எனக்குக் காசு இல்லை.

இப்போது உண்மையான சங்கடத்துக்கு வருகிறேன். தெற்கு வீட்டுக்காரர் மாடி எடுக்கப் போகிறார். பத்தடிச் சுவர் இருபதடி ஆகும். என் முற்றம் தென்வடலாகப் பதினைந்து அடி. வெயில் மிஞ்சுமா?

அம்பை கணக்கு வாத்தியார்

டிசம்பர் 21-ஐ வைத்துப் பார்த்துவிடுவோம், அதுதான் மோசமான நாள். நண்பகலில் சூரியன் உச்சியிலிருந்து 32 பாகை தெற்கே நிற்கும். இருபதடிச் சுவரின் நிழல் வடக்கே பன்னிரண்டரை அடி விழும், உங்களுக்கு மிஞ்சுவது இரண்டரை அடி. உங்களுக்கு வேண்டியதோ காலை வெயில். ஒன்பது மணிக்கு அதே நிழல் பதினெட்டு அடி வரை வரும், முற்றம் முழுவதும் இருட்டு. பிப்ரவரி நடுவில் நண்பகல் நிழல் சுமார் எட்டடி. ஏப்ரல் 12 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், தெற்குச் சுவருக்கு நண்பகல் நிழலே இருக்காது. அதன் பிறகு ஆகஸ்ட் 30 வரை நண்பகல் நிழல் தெற்கே விழும், தொல்லை கொடுப்பது உங்கள் வடக்குச் சுவர்தான், அதுவும் கொஞ்சம்தான்.

ஆகவே ஐப்பசி முதல் மாசி வரை பாயை மாடிக்கு ஏற்றத் தயாராகுங்கள். படி செங்குத்தாக இருந்தால் இப்போதே கொத்தனாரைப் பிடியுங்கள். பக்கத்து வீட்டில் தளம் போட ஆள் வரும்போது உங்கள் வேலையையும் சேர்த்தால் கூலி குறையும். கைப்பிடிச் சுவரைத் தெற்குப் பக்கம் மட்டும் தாழ்வாக வைக்கச் சொல்லுங்கள்.