ரீப்ரொட்யூஸ் ஆகலைன்னு பக்கை மூடலாமா?

அரைப்புள்ளி:
நான் யூஸ் பண்ற டெக்ஸ்ட் எடிட்டர் பேரு வேணாம், சொன்னா பேச்சு விம் நல்லதா ஈமேக்ஸ் நல்லதான்னு எடிட்டர் சண்டையா போயிடும். ஓப்பன் சோர்ஸ், டெர்மினல்ல ஓடுறது, சின்ன டீம். பிரச்சினை இதான்: சேவ் கொடுக்கிறேன், கீழ "எழுதியாச்சு"ன்னு மெசேஜ் வருது, மூடிட்டு திரும்ப தொறந்தா ஃபைல் ஜீரோ பைட். எப்பவும் இல்ல, எப்பவாவது. டெம்ப்ளேட்ல கேட்டபடி வெர்ஷன், ஓஎஸ், டெர்மினல் எல்லாம் எழுதி பக் ரிப்போர்ட் போட்டேன். ப்ளகின் இல்லாம ஓட்டிப் பாருங்கன்னாங்க, ஓட்டினேன், அப்பவும் வந்துச்சு, அதையும் எழுதினேன். "எங்க மெஷின்ல வரல (ரீப்ரொட்யூஸ் ஆகல)"ன்னு ஒரே ஒரு வரி பதில். அப்புறம் ஒரு லேபிள். அப்புறம் ஒரு பாட் (தானா ஓடுற ப்ரோக்ராம்) வந்து ரொம்ப நாளா பேச்சில்லைன்னு மூடி, யாரும் பதில் எழுத முடியாதபடி லாக்கும் பண்ணிடுச்சு. கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிட்டு காத்துட்டு இருந்தவன் நான்தானே, பேசாம இருந்தது யாரு? இதை நியாயம்னு யாராவது சொல்லுவீங்களா?

நள்ளிரவு_கமிட்:
நான் சொல்றேன். நானும் ஒரு சின்ன எடிட்டர் ப்ராஜெக்ட்ல ட்ரையாஜ், அதாவது வர்ற பக் ரிப்போர்ட்டை பிரிச்சுப் பாக்குற வேலை, செய்றவன் (உங்களுது இல்ல). வர்ற ரிப்போர்ட்ல பாதிக்கு மேல எடிட்டர் பக்கே கிடையாது, ப்ளகின், தீம், யாரோ எழுதின கான்ஃபிக்கை அப்படியே காப்பி அடிச்சது, இப்படித்தான் இருக்கும். அதனாலதான் சொந்த கான்ஃபிக் இல்லாம ஓட்ட விம்ல --கிளீன், ஈமேக்ஸ்ல -க்யூ, எந்த எக்ஸ்டென்ஷனால வருதுன்னு கண்டுபிடிக்க விஎஸ் கோட்ல எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்னு வெச்சிருக்காங்க. எக்ஸ்டென்ஷன்ல பாதியை ஆஃப் பண்ணி பிரச்சினை இருக்கா இல்லையான்னு கேட்டுக்கிட்டே போகும், 60 எக்ஸ்டென்ஷன் இருந்தாலும் ஆறு ஏழு ரவுண்டுல குத்தவாளி சிக்கிடும். இதை யூசர்தான் செய்யணும், நான் அவர் மெஷின்ல உக்கார முடியாது. நீங்க செஞ்சீங்க, சந்தோஷம். ஆனா "எப்பவாவது வருது"ன்னு ஒரு ரிப்போர்ட்டை வெச்சுக்கிட்டு எந்த வரில கை வைக்கிறது? வேலை முடிஞ்சு வந்து ராத்திரி ஒரு மணி நேரம் உக்கார்றோம் ப்ரோ, அதுல வரல வரலன்னு இருக்கிற ஒண்ணோட மல்லுக்கட்டவா, கையில ஸ்டெப்ஸோட வந்த நாலை முடிக்கவா?

டேப்பா_ஸ்பேஸா:
அது சரி கமிட் ப்ரோ, நாலை முடிங்க, யாரும் வேணாங்கல. ஆனா இதை ஏன் மூடணும்? கவனிக்க நேரம் இல்லன்னா ஓப்பன்லயே கிடக்கட்டும். நாளைக்கு இதே பிரச்சினை வர்ற இன்னொருத்தர் தேடும்போது ஓப்பன் இஷ்யூதான் முதல்ல கண்ணுல படும், மூடினதை யாரு பாப்பா? அவரும் புதுசா ஒண்ணு போடுவார், அதையும் பாட் மூடும். மூணு பேரோட துப்பு மூணு இடத்துல சிதறிக் கிடக்கும். சேர்த்து வெச்சா ஒருவேளை பொதுவா ஏதாவது தெரிஞ்சிருக்கும். விஎஸ் கோட்லயும் இப்படித்தான், 60 நாள்ல 20 ஓட்டு வாங்கலன்னா பாட் மூடிடும்.

நள்ளிரவு_கமிட்:
அது ஃபீச்சர் ரிக்வெஸ்டுக்கு மட்டும். பக்குக்கு அந்த ரூல் கிடையாது. ரெண்டையும் குழப்பாதீங்க.

டேப்பா_ஸ்பேஸா:
ஓகே, ஃபீச்சருக்குதான். அப்ப அவங்களே பக்கை ஓட்டுக்கு விடலைன்னு ஆகுது, என் பாயிண்ட்டுக்குத்தான் பலம் 😄

சும்மா_வந்தேன்:
பூனை கண்ண மூடினா உலகம் இருண்டுடுமாங்கறது இந்த பாட்டை பாத்துதான் சொல்லிருப்பாங்க போல

நள்ளிரவு_கமிட்:
சிரிக்கலாம், ஆனா ஆயிரக்கணக்குல ஓப்பன் இஷ்யூ இருக்கிற ட்ராக்கரை தொறந்து பாத்திருக்கீங்களா? எது உயிரோட இருக்கு எது எட்டு வருஷத்துக்கு முன்னாடி செத்துப்போச்சுன்னு தெரியாது. புதுசா உதவிக்கு வர்றவன் முதல் பக்கத்தை பாத்ததுமே ஓடிடுவான். மூடுறதுங்கறது "பொய்"ன்னு சொல்றது இல்ல, "இதுக்கு மேல இப்போதைக்கு எங்ககிட்ட வழி இல்ல"ங்கறது. லாக் பண்ணது மட்டும் ஓவர், ஒத்துக்கிறேன்.

டேப்பா_ஸ்பேஸா:
வழி இல்லன்னா அதையே எழுதி வைக்கலாமே. விம்ல :ஹெல்ப் டூடூ அடிச்சுப் பாருங்க, தெரிஞ்ச பக், எப்பவாவது செய்யணும்னு நினைச்சது எல்லாம் ஒரு நீளமான லிஸ்ட், எடிட்டரோடயே சேர்ந்து வருது. பிராம் மூலனார் 1991ல முதல் ரிலீஸ் விட்டதுல இருந்து 2023 ஆகஸ்ட்ல இறக்குற வரைக்கும் அந்த ப்ராஜெக்டை இழுத்துட்டுப் போனவர், அவருக்கு இல்லாத வேலையா? "இது இருக்கு, இன்னும் சரி பண்ணல"ன்னு சொல்றதுல ஒரு கேவலமும் இல்ல.

நள்ளிரவு_கமிட்:
மூலனாரை உதாரணம் காட்டுறதுல ஒரு சிக்கல் இருக்கு. எல்லாம் ஒருத்தர் கை வழியாவே போகணும்னு இருந்ததாலதான் அசின்க் (பின்னணில வேலை ஓட விடுற) பேட்ச் உள்ள போகாம 2014ல நியோவிம்னு தனி எடிட்டரா பிரிஞ்சுது. விம் 8ல அதே வேலைக்கு ஜாப், சேனல்னு வர 2016 செப்டம்பர் ஆச்சு. ஒரு ஆளால எல்லாத்தையும் தூக்க முடியாது, அதைத்தான் நானும் சொல்லிட்டு இருக்கேன். இன்னொண்ணு, மெயின்டெய்னரை "ஏன் பாக்கல ஏன் பாக்கல"ன்னு நெருக்குறது எங்க கொண்டுபோய் விடும்னு எக்ஸ்இசட்ங்கற கம்ப்ரஷன் டூல்ல பாத்தோம். களைச்சுப் போயிருந்த ஒரு ஆளை, பொய் அக்கவுண்ட்னு இப்ப சந்தேகப்படுற சில பேரு மெயில் மேல மெயில் போட்டு வேற ஒருத்தருக்கு பொறுப்பு கொடுக்க வெச்சாங்க, கடைசில 5.6.0, 5.6.1 வெர்ஷன் ரெண்டுலயும் பேக்டோர் (ரகசியமா உள்ள நுழையுற வழி), 2024 மார்ச்லதான் வெளிய வந்துச்சு. நான் அரைப்புள்ளியை அந்த லிஸ்ட்ல சேக்கல. ஆனா இந்த மாதிரி த்ரெட் படிச்சுட்டு பத்து பேரு அந்த ரெப்போல போய் கத்துவாங்க, அதை யாரு தாங்குறது?

அரைப்புள்ளி:
அதுக்குத்தான் முதல் வரிலயே பேரு சொல்லல.

பழைய_டெர்மினல்:
நியாயம் அப்புறம் பேசலாம். தம்பி அரைப்புள்ளி, உங்க ஹோம் டைரக்டரி லோக்கல் டிஸ்க்ல இருக்கா, நெட்வொர்க்லயா?

அரைப்புள்ளி:
நெட்வொர்க்தான் அண்ணே, என்எஃப்எஸ் (ஃபைல் எல்லாம் சர்வர்ல இருக்கும்). ஆபீஸ்ல எல்லாருக்குமே அப்படித்தான். டெம்ப்ளேட்ல அதை கேக்கவே இல்ல.

பழைய_டெர்மினல்:
கோட்டா, அதாவது ஆளுக்கு இவ்வளவு இடம்தான்னு அளவு, உண்டா? "கோட்டா -எஸ்" அடிச்சு என்ன காட்டுதுன்னு சொல்லுங்க. யூஸ் பண்ணின அளவு பக்கத்துல ஒரு ஸ்டார் இருந்தா (லிமிட் தாண்டியாச்சுன்னு அர்த்தம்) அதையும்.

அரைப்புள்ளி:
இருக்கு அண்ணே. ஸ்டாரும் இருக்கு. கிரேஸ்னு போட்ட இடத்துல "இல்லை"ன்னு வருது. நான் லாக் ஃபைல் எல்லாம் அப்பப்ப அழிப்பேன், அழிச்சா கொஞ்ச நாள் ஒழுங்கா இருக்கும், இப்பதான் அது ஞாபகம் வருது.

பழைய_டெர்மினல்:
அப்ப அனேகமா இதுதான். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

கோட்டால ரெண்டு லிமிட். ஹார்டு லிமிட்டை தாண்டவே முடியாது. சாஃப்ட் லிமிட்டை தாண்டலாம், ஆனா கிரேஸ் டைம் ஓட ஆரம்பிச்சிடும், லினக்ஸ்ல மாத்தாம விட்டா 7 நாள். அது முடிஞ்சப்புறமும் (உங்களுக்கு "இல்லை"ன்னு வர்றது அதான்) சாஃப்டுக்கு மேலயே இருந்தா டிஸ்க்ல புதுசா ஒரு பிளாக் இடம் கூட கிடைக்காது, நீங்க எழுதுறது நாலே வரி ஃபைலா இருந்தாலும் சரி. இதுல உங்க எடிட்டர் எப்படி சேவ் பண்ணுதுன்னு பாருங்க (அவங்க சோர்ஸ் நான் பாக்கல, நடக்கிறதை வெச்சு சொல்றேன்). பழைய ஃபைலை தொறக்கும்போதே ட்ரங்கேட் பண்ணுது (உள்ள இருந்ததை வெட்டிடுது), அது சர்வர் வரைக்கும் போயிடுது, ஃபைல் ஜீரோ ஆயாச்சு. அப்புறம் ரைட். என்எஃப்எஸ்ல ரைட் உங்க மெஷின் கேஷ்ல (தற்காலிக மெமரில) விழுந்ததுமே "ஓகே"ன்னு திரும்பி வந்துடும், சர்வர் ஒத்துக்கிச்சான்னு அப்ப தெரியாது. தெரியறது க்ளோஸ் பண்ணும்போது, இல்ல எஃப்சிங்க் (டேட்டாவை உண்மையிலயே எழுதி முடின்னு சொல்றது) கூப்பிட்டா அப்போ. சர்வர் "கோட்டா தாண்டியாச்சு"ன்னு எர்ரர் கொடுக்குது, எடிட்டர் க்ளோஸோட ரிட்டர்ன் வேல்யூவை (சரியா முடிஞ்சுதான்னு திரும்ப வர்ற பதிலை) பாக்காம "எழுதியாச்சு"ன்னு போட்டுட்டு போயிடுது. க்ளோஸோட மேன் பேஜ்லயே (லினக்ஸ் கையேட்டுல) இருக்கு, ரிட்டர்ன் வேல்யூவை பாக்கலன்னா டேட்டா சத்தமில்லாம போகலாம், என்எஃப்எஸ்லயும் கோட்டாலயும் இது நடக்கும்னு. எத்தனையோ வருஷமா எழுதி வெச்சிருக்கிற எச்சரிக்கை, இன்னமும் புதுப்புது எடிட்டர்ல இதே கதைதான். விம்ல எஃப்சிங்க் ஃபெயில் ஆனா அதுக்குன்னே ஒரு எர்ரர் நம்பர் இருக்கு, 667. யாரோ ஒருத்தர் ஃபைல் போயி அழுதப்புறம்தான் அது வந்திருக்கும்னு என் கணக்கு.

அவங்க மெஷின்ல வரலைன்னதும் பொய் இல்ல. லோக்கல் எஸ்எஸ்டில கோட்டா இல்லாம எத்தனை தடவை சேவ் பண்ணாலும் வராது.

டேப்பா_ஸ்பேஸா:
கமிட் ப்ரோ, இதைப் படிச்சீங்களா? அண்ணன் ரெண்டு கேள்வி கேட்டார், வெளிய வந்துடுச்சு. அந்த கேள்வியை கேக்க வேண்டியது யாரு? எடிட்டர் எப்படி எழுதுதுன்னு தெரிஞ்சவங்க அவங்க. ஹோம் டைரக்டரி எங்க இருக்குங்கறது முக்கியம்னு யூசருக்கு எப்படி தெரியும்? டெர்மினல் கலர் எத்தனைன்னு டெம்ப்ளேட்ல கேக்கத் தெரியுது, ஃபைல் சிஸ்டம் என்னன்னு கேக்கத் தெரியல.

நள்ளிரவு_கமிட்:
படிச்சேன். நல்ல பிடி, பழைய_டெர்மினல் அண்ணே. ஆனா அவர் மாதிரி ஆளு எல்லா ப்ராஜெக்ட்லயும் உக்காந்திருக்கார்னு நினைக்காதீங்க. அந்த டீம்ல யாரும் என்எஃப்எஸ்ஸே தொட்டிருக்க மாட்டாங்க. தெரியாததை எப்படி கேப்பாங்க? டெம்ப்ளேட்ல ஒரு கேள்வி சேர்த்தா பத்து பேரு அதைப் பாத்தே ரிப்போர்ட் போடாம போயிடுவாங்க, அதுவும் நடக்குது. எடிட்டர்ல இருந்தே கமாண்ட் அடிச்சு ரிப்போர்ட் பண்ற வசதி, ஈமேக்ஸ்ல இருக்கே, அந்த மாதிரி இருந்தா ஃபைல் சிஸ்டம் வகையை அதுவே எடுத்து மெசேஜ்ல போட்டுடலாம். அதுக்கு நான் ஓட்டு போடுறேன். மூடினதை தப்புன்னு இப்பவும் சொல்ல மாட்டேன்.

சும்மா_வந்தேன்:
சரி இதை எப்படி சரி பண்றது, டெம்ப் ஃபைல்ல எழுதிட்டு பழைய பேருக்கு ரீநேம் பண்ணா முடிஞ்சுதே, இதுக்கு ஏன் இவ்ளோ

பழைய_டெர்மினல்:
முடிஞ்சுதுன்னு தோணும். பழைய ஃபைல் பத்திரம், அது உண்மை. ஆனா ரீநேம் பண்ணா அது புது ஐநோடு, அதாவது பேரு அதே, டிஸ்க்ல வேற ஃபைல். சிம்லிங்க் (வேற ஃபைலை காட்டுற குறுக்குவழி) மேல எழுதினா லிங்க் போய் வெறும் ஃபைல் உக்காந்திருக்கும், ஹார்ட் லிங்க் (ஒரே ஃபைலுக்கு இன்னொரு பேரு) பிரிஞ்சிடும், ஓனர் பர்மிஷன் மாறலாம், டைரக்டரில எழுத உரிமை இல்லன்னா டெம்ப் ஃபைலே உருவாகாது. ஃபைலை வாட்ச் பண்ணிட்டு இருக்கிற டூல்ஸ் மாற்றத்தை தவற விடும், வெப்பேக்ங்கற வெப் டூலோட டாக்குமென்ட்லயே விம் யூசர்ஸுக்கு பேக்கப்காப்பிங்கற ஆப்ஷனை "யெஸ்"னு வைங்கன்னு எழுதியிருக்காங்க, இதனாலதான். நேரா எழுதறதா, ரீநேமான்னு விம் அந்த ஒரு ஆப்ஷனுக்கு யெஸ், நோ, ஆட்டோன்னு வெச்சிருக்கு, ஈமேக்ஸ்ல ஃபைல்-ப்ரீஷியஸ்-ஃப்ளாக்னு தனியா ஒண்ணு. சும்மா வெக்கல.

ரீநேமும் எஃப்சிங்க் இல்லாம முழுசா காப்பாத்தாது. 2009ல லினக்ஸ்ல எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் வந்த புதுசுல கரண்ட் போய் வந்தா ஃபைல் எல்லாம் ஜீரோ பைட்டா கிடந்துதுன்னு பெரிய சண்டை. ஆப்ஸ் எஃப்சிங்க் கூப்பிடணும்னு கெர்னல் பக்கம், நாங்க எப்பவும் இப்படித்தான் எழுதறோம்னு ஆப்ஸ் பக்கம். கடைசில கெர்னல் 2.6.30ல ட்ரங்கேட், ரீநேம் ரெண்டு சமயத்திலயும் டேட்டாவை உடனே தள்ளுற மாதிரி மாத்தினாங்க. அங்கயும் யாரு தப்புன்னு முடிவாகவே இல்ல, சரி மட்டும் பண்ணாங்க.

உங்க எடிட்டருக்கு சின்ன பேட்ச் போதும். க்ளோஸ், எஃப்சிங்க் ரெண்டோட ரிட்டர்னையும் பாரு, எர்ரர்னா "எழுதியாச்சு" போடாத, பஃபரை (எடிட்டர்ல தொறந்திருக்கிற டெக்ஸ்டை) இன்னும் சேவ் ஆகாததாவே வெச்சுக்க. அப்ப சர்வர்ல ஃபைல் ஜீரோவா போனாலும் உங்க டெக்ஸ்ட் எடிட்டர்ல உயிரோட இருக்கும், வேற இடத்துல சேவ் பண்ணிக்கலாம்.

நள்ளிரவு_கமிட்:
ரீப்ரொட்யூஸ் பண்ண என்எஃப்எஸ் சர்வர் வேணும்னா அந்த டீம்ல யாரும் தொட மாட்டாங்க. க்ளோஸை மறிச்சு எப்பவும் எர்ரர் கொடுக்கிற ஒரு குட்டி சி லைப்ரரி எழுதி, எல்டி ப்ரீலோட்ல (லினக்ஸ்ல நம்ம லைப்ரரியை மத்ததுக்கு முன்னாடி ஏத்துற வழி) ஏத்தி எடிட்டரை ஓட்டுங்க. ஸ்டாண்டர்ட் அவுட்புட்டை எல்லாம் விட்டுட்டு அந்த ஒரு ஃபைலோட டிஸ்க்ரிப்டருக்கு (தொறந்த ஃபைலுக்கு கிடைக்கிற நம்பருக்கு) மட்டும் மறிங்க, இல்லன்னா எடிட்டர் எழும்பவே எழும்பாது. பத்து பதினஞ்சு வரி. இதை ரிப்போர்ட்ல ஒட்டினா எந்த மெயின்டெய்னரும் மூட மாட்டான், நான் கேரண்டி.

டேப்பா_ஸ்பேஸா:
பாருங்க, கடைசில சி எழுதத் தெரிஞ்சவன் பக்குக்குத்தான் மரியாதைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. எழுதத் தெரியாத ஒருத்தர், எடிட்டர்ல குறிப்பு மட்டும் எழுதறவர், அவரு ஃபைல் போனா?

நள்ளிரவு_கமிட்:
அவருக்காகத்தான் இப்ப நாம நாலு பேரு உக்காந்து இதை எழுதிட்டு இருக்கோம். ஆனா அந்த நாலு பேரும் அந்த ரெப்போல இல்ல, இங்க இருக்கோம். அங்க போய் உக்காருங்க, ட்ரையாஜுக்கு ஆள் வேணும்னு எல்லா ப்ராஜெக்டும் கெஞ்சிட்டு இருக்கு.

டேப்பா_ஸ்பேஸா:
லாக் பண்ண இஷ்யூல எப்படி உக்கார்றது?

நள்ளிரவு_கமிட்:
🙏 லாக் விஷயத்துல ஏற்கனவே சரண்டர் ஆயிட்டேன்.

அரைப்புள்ளி:
லைப்ரரி எழுதி ஓட்டிட்டேன், ஒவ்வொரு சேவுக்கும் "எழுதியாச்சு"ன்னே வருது, ஒரு எர்ரரும் இல்ல. புது இஷ்யூ போட்டு பழையதோட லிங்க், கோட், கோட்டா அவுட்புட் எல்லாம் சேர்த்தாச்சு. தலைப்புல "ஜீரோ பைட்"னு போடாம "க்ளோஸ் எர்ரரை பாக்கல"ன்னு போட்டேன். ஒரு மெயின்டெய்னர் வந்து கன்ஃபர்ம்டுன்னு லேபிள் போட்டுட்டாங்க. பேட்ச் அனுப்பினா பாக்கறேன்னாங்க, ஆனா ஒவ்வொரு சேவுக்கும் எஃப்சிங்க் கூப்பிட்டா பழைய ஹார்ட் டிஸ்க்ல எடிட்டர் இழுக்கும்னு இப்பவே ஆட்சேபம்.

பழைய_டெர்மினல்:
க்ளோஸ் செக் மட்டும் முதல் பேட்ச்சா அனுப்புங்க, அதுக்கு செலவே இல்ல. எஃப்சிங்கை தனி பேட்ச்ல ஆப்ஷனா வைங்க. ரெண்டையும் ஒண்ணா கட்டினா ரெண்டும் மாட்டிக்கும்.

சும்மா_வந்தேன்:
பழைய இஷ்யூ இன்னும் மூடித்தான் இருக்கா?

அரைப்புள்ளி:
மூடித்தான் இருக்கு. நேத்து பாட் அதுல "டூப்ளிகேட்"னு ஒரு லேபிள் சேர்த்திருக்கு.