தலவாக்கலைக் கடைக் கணினியைக் கொழும்பிலிருந்து இயக்கிய அனுபவம்

தலவாக்கலை:
அப்பாவின் கடை தலவாக்கலையில், எனக்கு வேலை கொழும்பில். கடையில் இரண்டு கணினிகள். கீழே பில் போட ஒன்று, மேல்மாடியில் கணக்குக்கு ஒன்று. மாதக் கடைசியில் கணக்கை முடிக்க பஸ் ஏறி, கினிகத்தேனை வளைவுகளெல்லாம் கடந்து போய்ச் சேரவே அரை நாள் போய்விடும். அதனால்தான், தூரத்திலிருந்தே ஒரு கணினியின் திரையைத் திறந்து இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டொப் அமைக்க இறங்கினேன்.

அப்போது கடையில் கம்பி வழி இணைப்பு இருந்தது. இரண்டு கணினிகளுக்கும் மாறாத உள் முகவரி கொடுத்தேன்: ஒன்று 192.168.1.20, மற்றது 192.168.1.21. ரிமோட் டெஸ்க்டொப்புக்கு வழக்கமான கதவு எண் (போர்ட்) 3389. வெளியிலிருந்து 3389க்கு வருவதை முதல் கணினிக்கும், 3390க்கு வருவதை இரண்டாவதன் 3389க்கும் ரவுட்டரில் திருப்பிவிட்டேன். ஒரே ரவுட்டருக்குப் பின்னால் இரண்டு கணினிகள் இருந்தால் வெளிக்கதவு எண் இப்படி வேறு வேறாக இருக்க வேண்டும். கொழும்பு அறையில் இருந்தபடியே கணக்குத் திரை திறந்தபோது அவ்வளவு சந்தோஷம்.

கொஞ்ச நாளில், பில் கணினி இழுத்து இழுத்து வேலை செய்கிறது என்று தம்பி போன் பண்ணினான். விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்து வைக்கும் ஈவன்ட் வியூவரைத் திறந்தால் 4625 என்ற எண்ணில் பதிவுகள் வரிசையாக இருந்தன. உள்நுழைய முயன்று தோற்றதைக் காட்டும் எண் அது. யாரோ ஓயாமல் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 3389 திறந்திருக்கும் முகவரிகளை இணையம் முழுவதும் தேடுவதற்கென்றே நிரல்கள் ஓடுகின்றன. 3390 என்று மாற்றினாலும் கண்டுபிடித்துவிடும். 2019இல் புளூகீப் என்ற ஓட்டை வெளியானபோது, பழைய விண்டோஸ்களில் பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே வர வழி இருந்தது தெரியவந்தது. அப்பாவின் கடன் கொப்பி முழுவதும் அந்தக் கணினியில்தான் இருக்கிறது. தோட்டத்துச் சனங்களின் பெயரும் பாக்கியும் அதில் உண்டு. அன்றைக்கே இரண்டு கதவுகளையும் மூடினேன்.

அப்புறம் 4ஜி ரவுட்டருக்கு மாறினோம். விபிஎன், அதாவது இணையத்துக்குள்ளே பூட்டிய தனிப்பாதை, அமைக்க வேறொரு போர்ட்டைத் திருப்பிப் பார்த்தேன், எதுவும் உள்ளே வரவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. ரவுட்டர் பக்கத்தில் வெளி முகவரி 10இல் தொடங்கியது, இணையத்தில் பார்த்தால் வேறு எண் வந்தது. அதாவது எங்களுக்கென்று தனி முகவரி இல்லை. நிறுவனம் ஒரு முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. இதைத்தான் சிஜிநாட் என்கிறார்கள். 100.64 முதல் 100.127 வரை காட்டினாலும் இதே கதைதான். அப்படியிருந்தால் ரவுட்டரில் என்ன திருப்பினாலும் பலனில்லை, முதலில் இதைப் பாருங்கள்.

கடைசியில் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் மென்பொருளைப் போட்டேன். கணினியே வெளியே போய் இணைப்பை ஏற்படுத்துவதால் ரவுட்டரில் கதவு திறக்கத் தேவையில்லை. கடைக் கணினிகள் இரண்டும் என் லேப்டொப்பும் ஒரே வீட்டுக்குள் இருப்பதுபோல ஆகிவிட்டன. அதற்குள்ளேதான் இப்போது ரிமோட் டெஸ்க்டொப்.

இன்னொன்று. விண்டோஸில் வெளியிலிருந்து ஒருவர் நுழைந்தால், முன்னால் உட்கார்ந்திருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். ஒரு முறை கடையில் கூட்டம் நிற்கும்போது நான் நுழைந்துவிட்டேன். அப்பா பாதி பில்லோடு நின்றார். அதிலிருந்து, "அப்பா, வரட்டுமா?" என்று போனில் கேட்காமல் பில் கணினியைத் தொடுவதில்லை.

பண்டாரவளை:
அண்ணா, எங்கள் டியூஷன் வகுப்புக் கணினிகளில் விண்டோஸ் ஹோம்தான். அதிலிருந்து மற்றக் கணினிக்குப் போகலாம், ஆனால் அதற்குள் யாரும் வர முடியாது. அதற்கு ப்ரோ வேண்டும். காசில்லாததால் குரோம் ரிமோட் டெஸ்க்டொப் போட்டோம், 4ஜியிலும் நன்றாக வேலை செய்கிறது. ப்ரோ உள்ளவர்களுக்கு ஒன்று: விண்டோஸுக்குள் நுழையப் போடும் பின் (PIN) எண்ணைப் போட்டால் ஆர்டிபி (விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டொப்) விடாது, பாஸ்வேர்டேதான் கேட்கும். பாஸ்வேர்ட் இல்லாத கணக்கையும் விடாது. என் அக்கா இதில்தான் ஒரு நாள் முழுவதும் மாட்டிக்கொண்டார்.

மஸ்கெலியா:
மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் போய்ப் போய் வரும். கணினி அணைந்து கிடந்தால் டெயில்ஸ்கேல் இருந்தும் பிரயோசனமில்லை. கணினி எழும்பும்போது முதலில் ஓடும் பயோஸில், கரண்ட் வந்ததும் தானாக எழும்பும் அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். ஸ்லீப்பையும் நிறுத்திவிடுங்கள். ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வைத்தோம், அது பெரிய உதவி.

தலவாக்கலை:
நன்றி தம்பி. பயோஸ் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. இந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன், இரண்டு கணினிகளிலும் செய்துவிடுகிறேன்.