திருகோணமலையில் நண்பர் வீட்டில் முதல் நாள்: இறங்கியவுடன் நிலாவெளிக்கா, வீட்டுக்கா?

வெள்ளவத்தை வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வருகின்ற ஓகஸ்ட் விடுமுறையில் குடும்பத்துடன் திருகோணமலைக்குச் செல்கிறோம். பேராதனையில் என்னோடு ஒரே அறையில் தங்கிப் படித்த தோழி, திருமணமாகி இப்போது அந்த நகரத்து உவர்மலையில் இருக்கிறாள். அவளும் கணவரும் நெடுநாளாக அழைத்தும், பிள்ளைகளின் பரீட்சை, என் வேலை என்று ஏதாவது ஒன்று தடுத்துக்கொண்டே இருந்தது. கொழும்பிலிருந்து வியாழன் இரவு பேருந்தில் புறப்பட்டு, வெள்ளி விடியுமுன் அங்கே இறங்குவோம். எங்கள் இருவருடன் இரண்டு பிள்ளைகளும், எழுபது வயதைக் கடந்த என் மாமனாரும் வருகிறார்கள்.

தோழி முதல் நாளுக்கே முழுத் திட்டம் போட்டுவிட்டாள். பேருந்து நிலையத்திலிருந்து வானில் ஏற்றி, கட்டிய சாப்பாட்டுடன் நேரே நிலாவெளி, அங்கிருந்து படகில் புறாத்தீவு, மதியம் கன்னியா வெந்நீர் ஊற்று, மாலையில் கோணேசர் கோயில், இரவில் கடற்கரை. அவளுடைய கணவர் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதால் அன்று ஒரு நாள்தான் அவருக்கு லீவு கிடைத்திருக்கிறதாம். இரவு முழுவதும் உட்கார்ந்தபடி வரும் மாமாவுக்கு முழங்கால் வலி. சின்னவன் தூக்கம் கெட்டால் நாள் முழுவதும் அழுவான். திட்டத்தை மாற்றச் சொன்னால் அவர்கள் மனம் கோணுமோ என்றும் தயக்கமாக இருக்கிறது. அந்த ஊரை அறிந்தவர்கள், முதல் நாளை எப்படி வைத்துக்கொள்வது நல்லது என்று சொல்ல முடியுமா?

உவர்மலையான் எழுதியது:

தங்கச்சி, உங்கள் தோழி அன்பு மிகுதியால் போட்ட திட்டம் அது. ஆனால் ஓகஸ்ட் மாதத்துத் திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவர்களே மத்தியானத்தில் வீட்டை விட்டு வெளியே வரமாட்டோம். கச்சான் காற்று வீசுகிற காலம் அது. நிலத்தைக் கடந்து வருகிற அந்தக் காற்றில் ஈரம் இருக்காது, கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கும். அந்த நேரத்தில் கன்னியாவுக்குப் போய், ஏழு கிணறுகளில் ஒவ்வொன்றாக வாளியை விட்டு வெந்நீரை அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்வது குளிப்பு அல்ல, தண்டனை. கன்னியாவுக்குப் போவதென்றால் வெயில் ஏறுமுன் போக வேண்டும். பக்கத்துப் பக்கத்திலேயே இருந்தும் கிணற்றுக்குக் கிணறு சூடு வேறுபடுவதைப் பிள்ளைகள் கை வைத்துப் பார்த்து மகிழ்வதும் அப்போதுதான் முடியும்.

முதல் நாளுக்கு ஒரே ஓர் இடம் போதும் என்பது என் அபிப்பிராயம். அது கோணேசர் கோயிலாக இருக்கட்டும், நேரம் மாலையாக இருக்கட்டும். பகலில் அங்கே செருப்பில்லாமல் நடப்பது உங்கள் மாமாவின் கால்களுக்கு ஆகாது, கல் கொதிக்கும். கோயில் இருப்பது பழைய கோட்டைக்குள். வெயில் சாய்ந்த பின் போனால், கோட்டை வாசலைத் தாண்டியதும் புள்ளிமான்கள் நிழலை விட்டு வெளியே வரத் தொடங்கியிருக்கும். (அர்ச்சனைப் பழத்தைப் பையில் வைத்துக் கையைத் தொங்கவிட்டு நடக்க வேண்டாம், மான் பையோடு இழுக்கும்.) வாகனம் மேலே வரை போகும், அங்கிருந்து கடைகளுக்கு நடுவே சிறிது தூரம் ஏறினால் போதும், மாமா ஆறுதலாக நடக்கலாம்.

அவருக்குப் பழைய கதைகள் பிடிக்குமானால் இதையும் சொல்லுங்கள். சம்பந்தர் பதிகம் பாடிய அந்தப் பழைய கோயிலை 1620களில் போர்த்துக்கேயர் இடித்து, அதன் கற்களையே கோட்டைக்குப் பயன்படுத்தினார்கள். அந்தக் கோட்டை ஒல்லாந்தர் கைக்கும், 1795இல் ஆங்கிலேயர் கைக்கும் போனது. இன்றைய பிரெட்றிக் கோட்டை என்ற பெயர் 1803இல் வந்தது. இடிபடுமுன் மறைத்து வைக்கப்பட்ட விக்கிரகங்களில் சில 1950இல் ஊருக்குள் நிலத்தைத் தோண்டியபோது வெளிப்பட்டன. இப்போது நாம் கும்பிடுகிற கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது 1963இல்தான். நடக்கிற பாதையும் பக்கத்துச் சுவரும் எதனால் கட்டப்பட்டவை என்று தெரிந்து நடக்கும்போது, முழங்கால் வலி கொஞ்சம் மறக்கும்.

பூசை முடிந்ததும், கோயிலுக்குப் பக்கத்தில் பாறை பிளந்திருக்கிற இராவணன் வெட்டுப் பக்கம் போங்கள். பிள்ளை வரம் வேண்டி மரக்கிளையில் கட்டிய சின்னஞ்சிறு மரத்தொட்டில்களை அங்கே காணலாம். கீழே, நேர் செங்குத்தாக, கடல். சின்னவனின் கையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கல்லடிக்காரி எழுதியது:

உவர்மலை அண்ணா சொன்னதில் வெயிலைப் பற்றியதெல்லாம் சரி. ஆனால் வீட்டுக்காரர் பக்கத்தையும் ஒருவர் பேச வேண்டும். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்காக நாங்கள் முதல் நாள் இரவே தூங்காமல் சமைக்கிறோம், வான் பேசுகிறோம், லீவு எடுக்கிறோம். வந்திறங்கியவுடன் "எங்களுக்குக் களைப்பு, எங்கும் வேண்டாம்" என்று சொன்னால், வாயால் சிரித்தாலும் மனம் சுருங்கும். ஆகவே அக்கா, அங்கே போய் நின்று மாற்றாமல், இப்போதே தொலைபேசியில் பேசுங்கள். பேசும்போது உங்கள் களைப்பைக் காரணமாக வைக்க வேண்டாம், மாமாவை முன்னால் வையுங்கள். "மாமா முதலில் கோணேசரைக் கும்பிட்ட பிறகுதான் மற்ற இடமெல்லாம் என்கிறார்" என்று சொன்னால் எந்த வீட்டிலும் மறுபேச்சு இருக்காது. அது பொய்யும் இல்லைதானே?

இன்னொன்று. தோழியின் கணவர் லீவு எடுத்தது உங்களோடு இருப்பதற்கு. நீங்கள் அந்தத் திட்டப்படி ஓடினால் அவர் நாள் முழுவதும் வானின் முன் இருக்கையில் வழி காட்டிக்கொண்டு இருப்பார், ஒரு வார்த்தை பேச நேரம் இருக்காது. அவர் இல்லாமலே நிலாவெளிக்குப் போகலாம், அது நகரத்திலிருந்து வடக்கே நேரான ஒரே வீதி. முற்றத்தில் கதிரை போட்டு அவரோடு தேநீர் குடிக்க அன்று ஒரு நாள்தான் இருக்கிறது.

அதைவிட முக்கியமான ஒன்றை ஆண்கள் யாரும் கவனிக்கவில்லை. கடற்கரை ஊரில் விருந்தாளிக்கு மீன் வைக்காமல் விடமாட்டார்கள். காலையிலேயே சந்தைக்குப் போய் அறக்குளா, கணவாய், இறால் என்று வாங்கிவிடுவார்கள். மதியம் மீன் சாப்பிட்டுவிட்டு மாலையில் கோயிலுக்குப் போக உங்கள் மாமா சம்மதிப்பாரா? நல்ல வேளையாக நீங்கள் இறங்குவது வெள்ளிக்கிழமை. அநேகமாகத் தோழி வீட்டிலும் அன்று சைவமாகத்தான் இருக்கும். ஆனாலும் விருந்தாளிக்காக விலக்கு வைத்துவிடக்கூடும். "வெள்ளி சைவம், மீனெல்லாம் சனிக்கு" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் சமையலும் கோயிலும் ஒன்றோடொன்று மோதாது.

நிலாவெளிப் படகோட்டி எழுதியது:

அக்கா, கடல் பக்கம் மட்டும் நான் சொல்கிறேன். ஓகஸ்டில் எங்கள் பக்கம் கடல் தணிந்திருக்கும். வாடைக்காற்று தொடங்கும் மாதங்களில்தான் கொந்தளிக்கும். ஆனாலும் ஒரு நாளுக்குள்ளேயே வித்தியாசம் உண்டு. காலையில் தண்ணீர் கண்ணாடியாக இருக்கும், மதியத்துக்குப் பிறகு காற்று எழும்பி அலை வரும், தண்ணீர் கலங்கும். ஆகவே புறாத்தீவுக்குக் காலையில் முதல் படகுகளில் வந்துவிடுங்கள். சனி, ஞாயிறு என்றால் இன்னும் நேரத்தோடு வாருங்கள், ஏனென்றால் விடுமுறைக் கூட்டம் வெயிலோடு சேர்ந்து ஏறும்.

கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான், படகில் சில நிமிடம். 2003 முதல் அது தேசியப் பூங்கா என்பதால் படகுக் கூலி வேறு, வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு வேறு. வீட்டில் எல்லோருடைய அடையாள அட்டையையும் கொண்டு வாருங்கள், உள்ளூர்க் கட்டணத்துக்குக் கேட்பார்கள். பிள்ளைகளுக்கு உயிர்காப்பு அங்கியைப் படகில் ஏறுமுன்னே கட்டிவிடுங்கள். தண்ணீருக்குள் நிற்க இடம் தேடும்போது பவளப்பாறையில் கால் வைக்க வேண்டாம். காலும் கிழியும், பாறையும் சாகும். ஆழம் குறைந்த இடத்தில் செட்டையின் நுனி கறுத்த சிறிய சுறாக்கள் போகும். அவை மனிதரைக் கண்டால் விலகி ஓடுகிறவை, பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லி வையுங்கள், கண்டு அலறாமல் இருப்பார்கள்.

மாமாவைத் தீவுக்குக் கூட்டி வர வேண்டாம் என்பது என் எண்ணம். படகிலிருந்து அலைக்குள்தான் குதித்து இறங்க வேண்டும், கரை முழுவதும் உடைந்த பவளத் துண்டுகள், முழங்கால் தாங்காது. நிலாவெளிக் கரையில் மரநிழல் இருக்கிறது, அங்கே அவரோடு ஒருவர் இருந்தால் போதும்.

வெள்ளவத்தை வாசகி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. மீன் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை; மாமாவிடம் கேட்டேன், "கோணேசரைப் பார்க்கப் போகிற நாளில் மீனா?" என்று என்னையே ஏற இறங்கப் பார்த்தார். தோழியிடமும் நேற்றிரவு பேசிவிட்டேன். கல்லடிக்காரி அக்கா சொன்னபடி மாமாவை முன்னால் வைத்ததும், "அப்படியென்றால் எனக்கும் வேலை குறைவு" என்று சிரித்துவிட்டாள். வெள்ளி காலை இடியப்பமும் சொதியும், பிறகு எல்லோரும் தூக்கம், மாலையில் கோயில். சனி விடியற்காலையில் நிலாவெளி, கன்னியா ஞாயிறு காலை. ஒரே ஒரு சந்தேகம் மீதம் இருக்கிறது: அவர்களுக்கு என்ன கொண்டு போவது? கொழும்புக் கேக் வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிட்டாள்.

உவர்மலையான் எழுதியது:

கேக் வேண்டாம்தான், இந்தச் சூட்டில் வந்து சேருமுன்னே உருகிவிடும். வெள்ளவத்தையில் யாழ்ப்பாணச் சாமான் விற்கிற கடைகள் நிறைய உண்டல்லவா? பனங்கட்டிக் குட்டான் (பனையோலைப் பெட்டியில் வரும் பனைவெல்லம்) இரண்டும், காய்ந்த பனங்கிழங்கை இடித்த நல்ல ஒடியல்மாவும் வாங்கி வாருங்கள். சனிக்கிழமை மீன் கையில் இருக்கும்போது ஒடியல்மாவும் இருந்தால், அன்றிரவு கூழ் காய்ச்சலாம். காய்ச்சப் பானைக்கும், மடித்துக் குடிக்கப் பலாவிலைக்கும் உவர்மலையில் பஞ்சமில்லை. பேருந்தில் பனங்கட்டியை மேல் தட்டில் வைக்காமல் காலடியில் வையுங்கள், கந்தளாய் தாண்டி வரும் வளைவுகளில் பைகள் விழுவதுண்டு.