நன்றிக் குறிப்பேட்டில் "மேற்படி" என்று எழுதத் தொடங்கிவிட்டேன்

கேள்வி

அனைவருக்கும் ஸ்தோத்திரம். ஏறத்தாழ ஏழு மாதங்களாக, இரவு படுக்கப் போகுமுன் அன்றைய நாளில் தேவன் செய்த மூன்று நன்மைகளை ஒரு நோட்டில் எழுதி, அவற்றைச் சொல்லி ஜெபித்துவருகிறேன். தொடக்கத்தில் அது என் முறுமுறுப்பை உண்மையாகவே குறைத்தது. ஆனால் சென்ற வாரம் பழைய பக்கங்களைப் புரட்டியபோது, "உணவு, சுகம், குடும்பம்" என்று இரண்டு நாள் எழுதிவிட்டு, அதன்பின் தொடர்ந்து ஒன்பது நாட்கள் "மேற்படி" என்று மட்டும் எழுதியிருப்பதைக் கண்டு வெட்கப்பட்டேன்.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்றும் உண்டு. இரண்டு மாதங்களுக்கு முன் என் தகப்பனார் இறந்துபோனார். அடக்கம் முடிந்த இரவில் "எல்லாவற்றிற்காகவும் ஸ்தோத்திரம்" என்று எழுதினேன். பொய் எழுதியதுபோல் உறுத்தவே, அதை அடித்துவிட்டேன். "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" (1 தெசலோனிக்கேயர் 5:18) என்ற கட்டளையை நான் மீறிவிட்டேனா?

பதில் 1

சகோதரரே, உங்கள் துக்கத்தில் தேவன் உங்களைத் தேற்றுவாராக. நீங்கள் காட்டிய வசனத்தின் வேற்றுமை உருபைச் சற்றுக் கவனியுங்கள். அங்கே இருப்பது "எல்லாவற்றிலேயும்". நீங்கள் எழுதி அடித்ததோ "எல்லாவற்றிற்காகவும்". மரணத்தின் நடுவில் நின்றுகொண்டு தேவனுக்கு நன்றி சொல்வது ஒன்று, மரணத்துக்கே நன்றி சொல்வது வேறொன்று. எபேசியர் 5:20 "எல்லாவற்றிற்காகவும்" என்றே சொல்கிறது என்பதை நான் மறைக்கவில்லை; ஆனால் அந்த வாக்கியம் சபையாகக் கூடிச் சங்கீதங்களைப் பாடுவதைப் பற்றிய பேச்சின் தொடர்ச்சி. அந்தச் சங்கீதங்களுக்குள்ளேயே 88ஆம் சங்கீதம் ஒரு நன்றிச் சொல்கூட இல்லாமல் முடிகிறது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

இயேசுவின் நண்பன் லாசருவின் கல்லறையைப் பாருங்கள். யோவான் 11:35இல் இயேசு கண்ணீர்விடுகிறார். 41ஆம் வசனத்தில் ஸ்தோத்திரிக்கிறார். எதற்காக? பிதா தமக்குச் செவிகொடுத்ததற்காக. நண்பன் இறந்ததற்காக என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை. நீங்கள் அந்த வரியை அடித்ததை நான் கீழ்ப்படியாமை என்று கொள்ளமாட்டேன்.

பதில் 2

முன்னவர் சொன்னதோடு உடன்படுகிறேன். நான் "மேற்படி"க்கு வருகிறேன். (சிரித்துவிட்டேன், மன்னிக்கவும்; என் நோட்டிலும் அது உண்டு.)

லேவியராகமம் 7:15இல் ஸ்தோத்திர பலியின், அதாவது நன்றியாகச் செலுத்தும் பலியின், மாம்சத்தை அதே நாளில் புசித்துவிட வேண்டும், விடியற்காலம்மட்டும் மீதி வைக்கக் கூடாது என்ற ஒழுங்கு இருக்கிறது. நேர்ந்துகொண்டதைச் செலுத்தும் பொருத்தனை பலியையும், தானாக மனமுவந்து செலுத்தும் உற்சாக பலியையும் மறுநாளும் புசிக்கலாம். ஸ்தோத்திர பலிக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. "மேற்படி" என்பது நேற்றைய மீதி. ஒரே சொல் திரும்ப வருவதையே குற்றமாக நினைக்க வேண்டாம். 136ஆம் சங்கீதத்தில் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்பது 26 முறை வருகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் அதற்கு முன்பாதி புதிதாக இருக்கிறது.

ஆகவே நான் மூன்று என்ற எண்ணிக்கையை விட்டுவிட்டு, நேற்று எழுதியிருக்கவே முடியாத ஒரே ஒன்றை எழுதுகிறேன். என் தாயார் மறைந்த பிறகு அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கையில் எடுத்தேன். உடைந்த காதுப்பிடியில் வெள்ளை நூலை நெருக்கமாகச் சுற்றி, முனையைப் பல்லால் கடித்து அறுத்திருந்தார். அன்றிரவு அந்த நூலுக்காக நன்றி சொன்னேன். "அம்மாவுக்காக" என்று எழுதியிருந்தால் என்னால் ஜெபித்திருக்க முடியாது.

பதில் 3

நான் கத்தோலிக்கன், எங்கள் வழக்கிலிருந்து ஒன்று. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் எழுதி, 1548இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற "ஆன்மப் பயிற்சிகள்" என்ற நூலில், அன்றாட ஆன்ம ஆய்வின் முதற்படியே பெற்ற நன்மைகளுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்வதுதான். பாவங்களைக் கணக்குப் பார்ப்பது அதற்குப் பின்னரே வருகிறது. இந்த வரிசை எனக்கு மிகவும் உதவியிருக்கிறது. குற்றவுணர்விலிருந்து தொடங்கினால் நன்றியும் கட்ட வேண்டிய அபராதம்போல் ஆகிவிடுகிறது. உங்கள் கேள்வியிலும் அந்தச் சாயல் தெரிகிறது.

நோட்டைச் சில நாள் மூடிவைத்தாலும் தவறில்லை என்பது என் கருத்து. லூக்கா 17இல் குணமான பத்துத் தொழுநோயாளர்களில் திரும்பி வந்த சமாரியர் எதையும் எழுதவில்லை, நடந்து வந்தார். உங்கள் தந்தையைக் கவனித்துக்கொண்டவர்களில் யாரிடமாவது நேரில் போய் நன்றி சொல்ல முடியுமா என்று பாருங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அடித்த வரியை அப்படியே விட்டுவிட்டேன். அதன் கீழே நேற்றிரவு, அப்பா கடைசி நாளில் தாமாகவே கேட்டு வாங்கிக் குடித்த அரை டம்ளர் வெந்நீரைப் பற்றி எழுதினேன். டம்ளரைப் பிடித்திருந்தவர் என் தங்கை. அவளிடம் நான் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போய்ப் பார்க்கிறேன்.