புதுப்பிப்பு: 62 மில்லிமீட்டர் கிணற்றில் எண்ணெய் மேலே வந்துவிட்டது

2.875 அங்குலக் குழாயையே கேசிங்காக (கிணற்றுச் சுவரைத் தாங்கும் வெளிக்குழாயாக) இறக்கிச் சிமெண்ட் செய்த கிணறு. உள்விட்டம் வெறும் 62 மி.மீ. தானாகப் பொங்குவது நின்றபின் எப்படி ஏற்றுவது என்று முன்பு கேட்டிருந்தேன். பம்பை பேக்கரோடு (பம்புக்கும் கேசிங்குக்கும் இடையிலுள்ள இடைவெளியை அடைக்கும் கருவி) கேசிங்கிலேயே பொருத்தி, மேலிருந்து பம்பை இயக்கும் சாதாரண ராடுகளால் (கம்பிகளால்) இயக்கினோம். அது தவறான முடிவு. எண்ணெயோடு வரும் வாயு வெளியேற வேறு வழியே இல்லாததால் எல்லாம் பம்புக்குள்ளேயே புகுந்தது. பிளஞ்சர் (பம்புக்குள் ஏறி இறங்கும் உந்துதண்டு) இறங்கும்போது வாயு சுருங்கியது, ஏறும்போது விரிந்தது. வால்வுகள் இரண்டும் திறக்கவே இல்லை. ராடு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ஜெட் பம்ப் (அழுத்தத்தோடு உள்ளே செலுத்தும் நீரால் எண்ணெயை ஏற்றுவது) வைக்கலாம் என்று சொன்னவர்களுக்கு நன்றி. ஆனால் அழுத்தநீர் வசதி இங்கே இல்லை.

இப்போது உள்ளீடற்ற ராடுகளை இறக்கியிருக்கிறோம். எண்ணெய் ராடுக்குள்ளேயே ஏறுகிறது. பேக்கரை எடுத்துவிட்டதால் வாயு ராடுக்கும் கேசிங்குக்கும் இடையிலுள்ள இடைவெளி வழியே தனியே போகிறது. உச்சியில் மாட்டிய நெகிழ்குழாய் ராடோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. முதல் எண்ணெய் வந்தபோது அந்த நெகிழ்குழாயைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. இத்தனை நாள் கவலைக்குப் பின் அந்தச் சூடு எவ்வளவு நிம்மதி! ராடு இணைப்புகள் கேசிங்கில் உரசுகின்றனவா என்பதை மட்டும் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.