ஆசிரியர் கூட்டத்தைப் பற்றி மாணவி எழுதியதைக் கிழித்தது சரியா?

வாடிவாசல் வீட்டுக்காரன்:
என் மகள் அலங்காநல்லூர் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறாள். பள்ளிக் கையெழுத்து இதழுக்கு ‘நாலரை மணிக் கூட்டம்’ என்று மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தாள். டிசம்பரில் நூலக அறையில் ஆசிரியர் கூட்டம் நடந்தது. அப்போது இவளும் தோழியும் கடைசி மேசையில் இதழுக்குப் படம் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. இதழ் தைத்து வந்தபோது அந்த மூன்று பக்கம் மட்டும் கிழிக்கப்பட்டிருந்தது. ஏன் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. கொஞ்சம் இங்கே போடுகிறேன், படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

“முதலில் கையெழுத்து நோட்டு சுற்றி வந்தது. என்ன முடிவு என்று தெரிவதற்கு முன்பே எல்லோரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்கள். அப்புறம் பி.டி. பீரியட். கணக்கு சார் திங்கள்கிழமையைக் கேட்டார். வேதியியல் மிஸ் செவ்வாய்க்கிழமையைக் கேட்டார். அண்ணன் தம்பி வயலைப் பிரிப்பது போல வரப்புப் போட்டுப் பிரித்தார்கள். பி.டி. சார் கழுத்தில் விசிலோடு உட்கார்ந்திருந்தார். ஒரு தடவை விசிலைக் கையில் எடுத்தார். ஊதப் போகிறார் என்று நினைத்தோம். துடைத்துவிட்டு மறுபடி தொங்கவிட்டுக்கொண்டார். உயிரியல் மிஸ் மட்டும் தாவரமாகவே மாறி அசையாமல் கண்மூடி இருந்தார். வெளியூரிலிருந்து மாறுதலில் வந்த சார், காணும் பொங்கலன்று சிறப்பு வகுப்பு வைக்கலாமே என்றார். ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டது. டீ கொண்டுவந்த அக்காதான் வாய் திறந்தார்: ‘சார், அன்னிக்கு ஸ்கூலுக்கு மாடுகூட வராது. அதுவும் வாடிவாசலுக்குத்தான் போகும்.’”

பாடக்குறிப்பு:
நான் 22 வருடமாக ஆசிரியை. மதுரை மாவட்டத்தில்தான் வேலை. உங்கள் மகள் நன்றாக எழுதுகிறாள், அதில் சந்தேகமே இல்லை. விசில் துடைத்த இடத்தில் நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பக்கங்களை எடுத்தது சரி என்றுதான் சொல்வேன்.

பிள்ளைகள்தானே என்று நம்பி உள்ளே உட்கார விட்டிருக்கிறார்கள். அங்கே பேசியதை ஊர் படிக்கும் இதழில் போட்டால் நாளைக்கு எந்த ஆசிரியர் பிள்ளைகள் முன்னால் மனம்விட்டுப் பேசுவார்? அப்புறம் அந்தத் ‘தாவரம்’. என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் உசிலம்பட்டியிலிருந்து வருவார். விடியற்காலை நாலரைக்கு எழுந்து சமைத்து, முதல் பஸ்ஸைப் பிடித்து, ஆரப்பாளையத்தில் இறங்கி இன்னொரு பஸ் ஏறுவார். வந்ததும் கல்வித்துறையின் எமிஸ் இணையதளத்தில் வருகைப் பதிவு, அதன்பின் ஏழு பீரியட். நாலரை மணிக்குக் கூட்டம் என்றால் அந்த உடம்பு என்ன செய்யும்? அவர் பிள்ளை படிக்கும் இதழாக அது இருந்தால்?

பி.டி. பீரியடை ஆசைக்காக யாரும் வாங்குவதில்லை. 2017இல் ரேங்க் பட்டியலை நிறுத்தினார்கள், நல்லது. ஆனால் பள்ளிக்கு எத்தனை சதவீதம் தேர்ச்சி என்று கேட்பது நிற்கவில்லையே. 35 மதிப்பெண்ணுக்கு ஒரு மார்க் குறைந்தாலும் நாங்கள்தான் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். நானும் புதன்கிழமை கடைசி பீரியடைக் கேட்டு வாங்கியவள்தான். மறைக்கவில்லை.

பாலமேடு பழைய மாணவன்:
டீச்சர், மரியாதையோடு சொல்கிறேன், நீங்கள் வாங்கிய அந்தப் புதன்கிழமை எங்களுடையது. நான் பள்ளிக் கபடி அணியில் இருந்தேன். பிளஸ் டூவில் ஒரு வருடம் முழுக்க நாங்கள் மைதானத்தில் இறங்கியது மொத்தம் ஐந்தாறு தடவை இருக்கும். மற்ற நாளெல்லாம் வகுப்பில் உட்கார்ந்து ஐந்து மதிப்பெண் வினாவைத் திரும்பத் திரும்ப எழுதினோம். ஜன்னல் வழியாகக் கோடு போட்ட களம் தெரியும். மழை பெய்து சுண்ணாம்பு கரைகிறவரை யாரும் மிதிக்காத களம். விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலினே 2023இல் கணக்கு, அறிவியல் ஆசிரியர்களிடம் பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று மேடையில் கேட்டுக்கொண்டார். அதே விஷயத்தை ஒரு பிள்ளை சிரிக்கச் சிரிக்கச் சொன்னால் மட்டும் குற்றமா?

பி.டி. சாருக்காக அந்த அறையில் யாருமே பேசவில்லை. இந்தப் பெண்தான் அவரைப் பார்த்திருக்கிறாள்.

தெற்கு மாசி வீதி:
எழுதியது சரியா தப்பா என்பது இருக்கட்டும். கூப்பிட்டு வைத்துப் பேசியிருக்கலாம் இல்லையா? சொல்லாமல் கிழித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பாடக்குறிப்பு:
அதை ஒப்புக்கொள்கிறேன். சொல்லாமல் எடுத்தது தப்பு. நானாக இருந்தால் அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த ஒரு வரியை மட்டும் மாற்றச் சொல்லியிருப்பேன். மாடு வராது என்பதை நானே சத்தமாகப் படித்துக் காட்டியிருப்பேன். வேறு ஊரிலிருந்து வருகிற ஆசிரியர்களுக்கு அது தெரிய வேண்டியதுதான்.

தம்பி, கபடிக் களத்தைப் பற்றி நீங்கள் எழுதியது மனதில் நிற்கிறது. ஆனாலும் தேர்ச்சி பெறாத பிள்ளையின் அம்மா ஜூன் மாதம் வந்து நிற்பது என் முன்னால்தான், மைதானத்தில் இல்லை.

வாடிவாசல் வீட்டுக்காரன்:
நேற்று இரவு உங்கள் எல்லோருடைய பதில்களையும் மகளிடம் படித்துக் காட்டினேன். உசிலம்பட்டி டீச்சர் பற்றி வந்ததும் நிறுத்தச் சொன்னாள். அவளுடைய உயிரியல் மிஸ்ஸும் தொலைவிலிருந்துதான் வருகிறாராம், இவளுக்கு அது தோன்றவே இல்லையாம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு நோட்டை எடுத்தாள். தாவரத்தை அடித்துவிட்டு இப்படி எழுதியிருக்கிறாள்:

“உயிரியல் மிஸ் கண்ணை மூடியிருந்தார். அவர் ஏறுகிற பஸ் கிளம்பும்போது எங்கள் வீட்டுச் சேவல்கூட எழுந்திருக்காது.”

மற்றதில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன் என்கிறாள். விசிலை முக்கியமாக. திங்கள்கிழமை நானும் அவளோடு போய் தலைமையாசிரியரிடம் கொடுக்கப் போகிறேன்.

பாடக்குறிப்பு:
சேவல் வரி அப்படியே இருக்கட்டும். இதற்கும் அவர்கள் முடியாது என்றால் எனக்கு அனுப்புங்கள், எங்கள் பள்ளி இதழில் போட நான் கேட்டுப் பார்க்கிறேன். பெயர் அவள் பெயராகவே இருக்கும்.

பாலமேடு பழைய மாணவன்:
நன்றி டீச்சர். அப்படியே அந்தப் புதன்கிழமையையும் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பாடக்குறிப்பு:
அரையாண்டு மார்க்கைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் தம்பி.